பிரசங்கியார் சொல்லாத வரி

சபையில் அவரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மைக் அண்ணன்' என்றால்தான் தெரியும். தொண்டை அப்படி. ஒலிபெருக்கி செத்துக் கிடந்தாலும் கடைசி வரிசைக்காரரின் தூக்கத்தைக் கலைத்துவிடுகிற குரல். பிழைப்புக்காக வந்து சேர்ந்த அந்த நகரத்தின் மொழியும் அவருக்குச் சரளம், நம் மொழியும் சரளம். ஆகவே வெளியிலிருந்து எந்தப் பிரசங்கியார் வந்தாலும் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்கிற வேலை அவருடையது. பிரசங்கியார் சப்பென்று ஒன்றைச் சொன்னாலும் அண்ணன் வாயில் அது தாளித்துக்கொண்டுதான் வெளியே வரும் என்று சபையில் பேச்சு. அது அவர் காதிலும் விழுந்திருந்தது. கேட்டும் கேளாதவர் போல இருந்துகொள்வார்.

மற்ற நாட்களில் அவர் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் இருப்பார். வருகிற லென்ஸை ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்த்துப் பொருத்துவது வேலை. சன்னல் இல்லாத அறை. மெஷின் இரைச்சல், எந்நேரமும் தண்ணீர் சொட்டுகிற ஒரு குழாய், விரலிடுக்கில் வெள்ளைப் பொடி. வாடிக்கையாளர் யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. முன்னால் நின்று பேசுவது, கண் பார்ப்பது எல்லாம் கடைக்கார அம்மா. அறுபதைத் தாண்டியவர். அப்பா வைத்த கடை. எதையாவது உற்றுப் பார்க்க வேண்டுமானால் தன் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிவிட்டு, முதுகை வளைத்து, மேல் பக்கமாகப் பார்ப்பார். 'கண்ணாடி விக்கறவங்களே கண்ணாடி வழியாப் பார்க்க மாட்டேங்கறாங்க' என்று அண்ணன் வீட்டில் சொல்லிச் சிரித்ததுண்டு.

அந்த அம்மா யூதர். சனிக்கிழமை கடை திறக்காது. ஞாயிற்றுக்கிழமை திறக்கும். ஆனால் ஞாயிறு காலை இவர் ஆராதனைக்குப் போக வேண்டுமே என்று மதியம் வரை அவரே தனியாளாகச் சமாளிப்பார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். இவர் கேட்காமலே நடந்த ஏற்பாடு அது.

சபையின் ஆண்டு விழாவுக்கு அந்த அம்மாவை அழைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. வருஷக்கணக்காக அவருடைய இரட்சிப்புக்காகச் சபையில் ஜெபக் குறிப்பு கொடுத்துவருகிறோம், ஒரு நல்ல செய்தியை நேரில் கேட்கட்டும் என்பது மனைவியிடம் சொன்ன காரணம். சொல்லாத காரணம் ஒன்று இருந்தது. பின்னறையில் பொடி படிந்து நிற்கிற மனிதன் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் நின்றால் எப்படி இருப்பான் என்று அந்த அம்மா ஒரு தடவை பார்த்துவிட வேண்டும்.

"வரேனே" என்றார் அம்மா, உடனே. அந்த ஞாயிற்றுக்கிழமை கடைக் கதவில் பூட்டுத் தொங்கியது.

வாடகைக்கு எடுத்த ஒரு பள்ளிக்கூடத்து அரங்கம். சுவரில் பிள்ளைகள் வரைந்த மீன்களும் வானவில்லும். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பியிருந்தன. கடைக்கார அம்மா மூன்றாவது வரிசையில் அண்ணனுடைய மனைவிக்குப் பக்கத்தில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேடையிலிருந்து பார்த்த அண்ணனுக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

வந்த பிரசங்கியார் அந்த நகரத்துக்காரர். ஒடிசலான வயதானவர். ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு அடுத்ததற்குக் காகிதத்தைக் குனிந்து தேடுகிற ரகம். எடுத்துக்கொண்டது இஸ்ரவேலும் புறஜாதியாரும் என்கிற பொருள். தேவன் நட்ட ஒலிவ மரம் ஒன்று, அதன் வேர் அவர்களுடையது, நாம் காட்டு மரத்திலிருந்து கொண்டுவந்து ஒட்டுப்போட்ட கிளைகள் என்று விளக்கினார். நல்ல செய்திதான். ஆனால் கூட்டம் அசைந்தது. குழந்தைகள் சிணுங்கின. முன் வரிசையில் மூப்பர் ஒருவர் கொட்டாவியைக் கையால் மூடினார். அண்ணன் கூட்டத்தை ஒரு நோட்டம் விட்டார். அவர் நிற்கிற மேடை இப்படித் தூங்கி வழிந்ததே கிடையாது. இன்றைக்கென்று பார்த்து இப்படி!

பிரசங்கியார் சொன்னார்: "சில கிளைகள் முறிந்தது உண்மை. அதைப் பார்த்து நீ மார்தட்டாதே. நீ அந்த மரத்துக்கு விருந்தாளியாக வந்தவன்."

அண்ணன் மைக்கை வாய்க்குக் கிட்டே கொண்டுவந்தார். என்ன சொல்லப்போகிறோம் என்று அவருக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது.

"சொந்த வீட்டுக்காரரை வெளியே அனுப்பிட்டு, வாடகைக்கு வந்த நம்ம கையில சாவியைக் கொடுத்துட்டார் கர்த்தர்! ஆனா பாருங்க, வீட்டுக்காரர் இன்னும் போகலை. வாசல்லயே நின்னுக்கிட்டு, 'இந்தக் கதவுக்கு என்ன விலை வரும்'னு பேரம் பேசிக்கிட்டிருக்கார்!"

சொன்னதோடு விடவில்லை. தன் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, முதுகை வளைத்து, மேல் பக்கமாக எட்டிப் பார்த்து, இல்லாத கதவை விரலால் சுண்டி, கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் உரசிக் காட்டினார்.

அரங்கம் வெடித்தது. கொட்டாவி விட்ட மூப்பர் தொடையைத் தட்டிச் சிரித்தார். போதகர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நம் மொழி புரியாத பிரசங்கியார், தான் ஏதோ வேடிக்கையாகச் சொல்லிவிட்டோம் போலிருக்கிறது என்று கூச்சத்தோடு புன்னகைத்துவிட்டுத் தொடர்ந்தார்: "தேவன் அவர்களைக் கைவிடவில்லை. கடைசியில் அவர்களையும் சேர்த்துக்கொள்வார். எப்படி என்று எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்."

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அந்த நேரத்தில் இதை எங்கே நுழைப்பது? அண்ணன் அதை அப்படியே முழுங்கிவிட்டு, "கர்த்தருடைய வழிகள் பெரியவைகள், அல்லேலூயா!" என்று முடித்தார். கூட்டமும் அல்லேலூயா என்றது. அதற்கப்புறம் பிரசங்கம் முடிகிற வரை அண்ணன் கொடிதான் பறந்தது.

கூட்டம் முடிந்து தேநீர் கொடுக்கிற இடத்தில் ஆளாளுக்கு அவர் முதுகில் தட்டினார்கள். கடைக்கார அம்மா ஏற்கெனவே மேலங்கியைப் போட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் அவரைப் போதகரிடம் கூட்டிக்கொண்டு போய் அறிமுகம் செய்தார்.

"இவருக்கு நல்ல குரல்" என்றார் அம்மா அந்த ஊர்மொழியில். தேநீர் வேண்டாம் என்றார். போகும்போது அண்ணனுடைய மனைவியின் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் மனைவி சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்துகொண்டார். அவரும் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்து ஊர்மொழியைக் கரைத்துக் குடித்தவர்தான். அண்ணனுக்குத்தான் பொறுக்கவில்லை.

"எப்படி இருந்துச்சு இன்னைக்கு?"

"அவர் சொன்னது ஒண்ணு, நீங்க சொன்னது ஒண்ணு."

"மொழிபெயர்ப்புன்னா அப்படித்தான். உப்பு, காரம் போடாம இறக்கினா யாரு வாயில வைப்பா?"

"உப்பா அது? மார்தட்டாதேன்னார் அந்தப் பெரியவர். நீங்க அங்கேயே நின்னு தட்டினீங்க. அதுவும் அந்தம்மா எதிர்லயே."

"அவங்களுக்கு நம்ம பாஷை எங்கே புரியப்போவுது?"

மனைவி அப்போதுதான் அவர் பக்கம் திரும்பினார். "கைக்கும் மூக்குக்கும் பாஷை வேணுமாங்க? யாரை மாதிரி செஞ்சீங்கன்னு உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?"

அவருக்கு நிஜமாகவே அதுவரை தெரியவில்லை. கண்ணாடியை இறக்கியது, முதுகை வளைத்தது, எல்லாம் எங்கிருந்து வந்தது என்று பஸ் இரண்டு நிறுத்தம் போன பிறகுதான் உறைத்தது. காது மடல் சுட்டது. பணத்துக்கு விரலை உரசிக் காட்டினோமே, அதுவாவது எங்கிருந்து வந்தது? அந்த அம்மா அவரிடம் ஒரு நாளும் சல்லிக்காசுக்குக் கணக்குப் பார்த்ததில்லை. அது அந்த அம்மாவிடமிருந்து வந்ததே இல்லை. எங்கேயோ, யாரோ சொல்லி, எப்போதோ காதில் விழுந்து, உள்ளே கிடந்திருக்கிறது. இன்றைக்கு வாசல் திறந்ததும் முதல் ஆளாக வெளியே வந்துவிட்டது.

மறுநாள் கடைக்குள் திருடன் மாதிரி நுழைந்தார். அம்மா வழக்கம்போல வணக்கம் சொன்னார். அன்றைய வேலைகளைத் தட்டில் வைத்தார். பேச்சில் ஒரு மாற்றமும் இல்லை. மதியத்துக்குள் அண்ணனுக்கு மூச்சு சீரானது. புரியவில்லை, அவ்வளவுதான், நாம்தான் வீணாகக் குழப்பிக்கொண்டோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். சாயங்காலம் மெஷினை அணைக்கும்போது லேசாகப் பாட்டுக்கூட முணுமுணுத்தார்.

அதற்கடுத்த நாள் வேன்காரர் வந்தார். சபைக்காரர்தான். சாமான் ஏற்றி இறக்குகிற வேன் ஓட்டுபவர், ஐம்பது வயது, மனதில் கள்ளம் இல்லாத ஆள். புதுக் கண்ணாடி வாங்க வந்தவர், அண்ணன் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டார்.

"அண்ணே! என்னண்ணே அன்னைக்கு அப்படிப் போட்டு உடைச்சுட்டீங்க! எங்க வீட்டுல மூணு நாளா இதே கூத்துதான். 'இந்தக் கதவுக்கு என்ன விலை வரும்?'" என்று சொல்லி, இன்னும் கைக்கு வராத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்குவது போலப் பாவனை செய்து, விரலை உரசிக் காட்டினார்.

அண்ணன் கண்ணைக் காட்டினார். தலையை ஆட்டினார். வேன்காரர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

"அட, சும்மா இருங்கண்ணே! இவங்க எல்லாம் அப்படித்தானே? கர்த்தரையே வித்துக் காசு பார்த்தவங்கதானே? இந்தம்மா எப்படி, உங்களுக்குச் சம்பளமாவது ஒழுங்காக் குடுக்குதா?"

கடைக்கார அம்மா கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தார். வேன்காரரின் காதுகளில் மாட்டினார். ஒரு பக்கம் தூக்கியிருந்தது. கழற்றி, காம்பைக் கொஞ்சம் சூடாக்கி வளைத்து, மறுபடி மாட்டினார். நிதானமாகத்தான் செய்தார். பிறகு ஒரு அடி பின்னால் நகர்ந்து, நம் மொழியில் கேட்டார்.

"இப்ப நல்லாத் தெரியுதா, தம்பி?"

வேன்காரரின் வாய் திறந்தபடி நின்றது.

"கிட்டத்துல தெரியுதா? தூரத்துல?"

உச்சரிப்பு கொஞ்சம் உருண்டு வந்தது. ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. வேன்காரர் "தெரியுதும்மா... தெரியுது" என்று முனகிவிட்டு, கண்ணாடிக் கூட்டைக்கூட எடுக்காமல் வெளியே போனார். கதவு மணி அடித்து ஓய்ந்தது.

அண்ணன் தன் அறைக்குள் போய்விட்டார். ஓடி ஒளிய அந்தக் கடையில் வேறு இடம் கிடையாது. மெஷினைப் போடக் கை வரவில்லை. அம்மா பின்னாலேயே வந்து வாசலில் நின்றார். இப்போது ஊர்மொழியில் பேசினார்.

"இத்தனை வருஷமா இந்த மெஷின் சத்தத்துக்கு மேல கத்திக் கத்தி உங்க தம்பிகூட ஃபோன்ல பேசறீங்க. எனக்கென்ன காதுக்கு மூடியா இருக்கு? முதல்ல சத்தமாத்தான் கேட்டுச்சு. அப்புறம் சொல்லா கேட்டுச்சு. பேச அவ்வளவா வராது. கேட்டா எல்லாம் புரியும்."

அண்ணன் நினைத்துப் பார்த்தார். எவ்வளவு பேசியிருக்கிறார்! இந்த அறையின் புழுக்கத்தைப் பற்றி, இந்த அம்மாவின் நச்சரிப்பைப் பற்றி, 'நல்ல மனுஷிதான்டா, ஆனா நரகத்துக்குப் போயிடுவாங்களேன்னுதான் வருத்தமா இருக்கு' என்று ஒரு நாள் பெருமூச்சு விட்டது உட்பட. அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் முன்னறையில் இருந்திருக்கிறார். அத்தனையும் கேட்டுக்கொண்டுதான் ஞாயிறு காலைகளில் தனியாகக் கடை நடத்தியிருக்கிறார்.

"நான் அன்னைக்கு எதுவும் தெரியாம வரலை" என்றார் அம்மா. "சர்ச்சுல என்ன பேசுவாங்கன்னு எனக்குத் தெரியும். அந்தப் பெரியவர் கடைசியில எனக்கும் ஒரு இடம் வெச்சிருக்கறதாச் சொன்னார். நான் கேட்கலை. எனக்கு வீடு இருக்கு, என் அப்பா இருந்த வீடு, அவரோட அப்பா இருந்த வீடு. ஆனா இடம் வெச்சிருக்கேன்னு சொல்ற ஆள்கிட்ட எனக்குக் கோபம் வராது. வேண்டாம்னு சொல்லிட்டு எழுந்து வந்துடலாம். உங்ககிட்ட என்ன சொல்லிட்டு எழுந்து வர்றது?"

"மன்னிச்சிடுங்கம்மா."

"கண்ணாடியை இறக்கிப் பார்க்கறது என் அப்பாகிட்டேருந்து எனக்கு வந்த பழக்கம். நான் செய்யறேன்னே எனக்குத் தெரியாது. நீங்க செஞ்சு காட்டினப்புறம்தான் தெரிஞ்சுது."

"தெரியாம... வாய் தவறி வந்துடுச்சும்மா. மன்னிச்சிடுங்க."

"என்னைச் சுத்தி அவ்வளவு பேர் சிரிச்சாங்க" என்றார் அம்மா. "யாரும் கெட்டவங்க இல்ல. இன்னொரு பக்கம் இருந்த பொண்ணு எனக்குப் பாட்டுப் புத்தகம் எடுத்துக் குடுத்தா. அவளும் சிரிச்சா. அத்தனை பேர் முன்னால ஒண்ணு சொன்னீங்க. இப்ப, நாம ரெண்டு பேர் மட்டும் நிக்கற இந்த ரூம்ல மன்னிப்புக் கேட்கறீங்க."

அண்ணன் தலை குனிந்து நின்றார். அவர் சபையில் ஒரு கூட்டத்தின் முன் பேச்சு வராமல் நின்றதே இல்லை. இங்கே ஒரே ஒருவர் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

"அந்தப் பச்சை ஃபிரேமை நாலு மணிக்கு வாங்க வருவாங்க" என்று சொல்லிவிட்டு அம்மா முன்னால் போனார்.

அன்று சாயங்காலமே அண்ணன் போதகர் வீட்டுக்குப் போனார். போதகர் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நடந்ததைக் கேட்டுவிட்டு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"இதை எதுக்குப் பெருசாக்கணும்? அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு. கேட்டது போதும். நாம அவங்க இரட்சிப்புக்காகத் தொடர்ந்து ஜெபிப்போம்."

"ஐயா, நான் சபையில சொல்லணும். பிரசங்கியார் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன்னு."

"சொன்னா யாருக்கு அவமானம்? வந்தவருக்குத்தான். அழைச்ச எனக்குத்தான். அதுவுமில்லாம ஜனங்க அன்னைக்கு எவ்வளவு சந்தோஷமாப் போனாங்க!"

"அந்தச் சந்தோஷந்தாங்க ஐயா எனக்குத் தாங்கலை."

போதகர் சட்டையின் காலரைத் தடவி நேராக்கினார். அவருக்கும் ஊர்மொழி அரைகுறையாகத் தெரியும். "எனக்கு அன்னைக்கே கொஞ்சம் சந்தேகம்தான்" என்றார் மெதுவாக. "பிரசங்கியார் சொன்னதுல சிரிக்க ஒண்ணும் இல்ல, நம்ம ஜனம் மட்டும் சிரிக்குதேன்னு. ஆனா நானும்தான் சிரிச்சேன்." பிறகு, "அறிவிப்பு முடிஞ்சதும் பேசுங்க. சுருக்கமா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் எழுந்து முன்னால் போனதுமே பல முகங்களில் முறுவல் வந்துவிட்டது. அவர் மைக்கைத் தொட்டாலே சபை அப்படித்தான் பழகியிருந்தது.

"போன வாரம் பிரசங்கியார் சில கிளைகள் முறிஞ்சதைப் பத்திப் பேசினார்" என்று ஆரம்பித்தார். "அதைப் பார்த்து மார்தட்டாதே, நீ விருந்தாளியா வந்தவன்னு சொன்னார். நான் அதை உங்களுக்குச் சொல்லலை. அதுக்குப் பதிலா நான் சொன்னது என்னன்னா, வீட்டுக்காரர் வாசல்ல நின்னு கதவுக்கு என்ன விலைன்னு பேரம் பேசறார்னு..."

இடது பக்கத்திலிருந்து சிரிப்பு கிளம்பியது. யாரோ அடக்க முடியாமல் சிரிக்க, பக்கத்தில் இருந்தவர்களும் தொற்றிக்கொண்டார்கள். போன வாரம் வராத ஒருவர் என்ன என்ன என்று கேட்க, அவருக்கு விளக்கம் வேறு நடந்தது. அண்ணன் மைக்கைப் பிடித்தபடி நின்றார். தன் வாயிலிருந்து பிறந்த ஒன்று தன் கண் முன்னாலேயே எழுந்து நடமாடுவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார். மனைவி மூன்றாவது வரிசையில் மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேன்காரர் மட்டும் சிரிக்கவில்லை. புதுக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"சிரிக்காதீங்க" என்றார் அண்ணன். குரல் உடைந்து வந்தது. சிரிப்பு நின்றது. "அது பிரசங்கியார் சொன்னதில்ல. வேதத்துல இருக்கறதும் இல்ல. நானாச் சேர்த்தது. பொய். நான் அந்த விரலை உரசிக் காட்டினப்ப, எனக்குச் சோறு போடற அம்மா அந்த வரிசையில உட்கார்ந்திருந்தாங்க. நான் கூப்பிட்டுத்தான் வந்தாங்க. அவங்க யூதப் பொம்பளை. நம்ம பாஷை அவங்களுக்குப் புரியும். நான் ஞாயித்துக்கிழமை இங்க வந்து நிக்கறதுக்காக அவங்க அங்க தனியா நிக்கறாங்க. இதோ, இப்பவும் நிக்கறாங்க."

அரங்கத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

முன் வரிசை மூப்பர் எழுந்தார். "தம்பி, நீங்க வருத்தப்படறது சரி. ஆனா ஒரு விஷயம் தெளிவாச் சொல்லிடுங்க. விசுவாசிக்காதவங்களுக்கும் இரட்சிப்பு உண்டுன்னா சொல்ல வர்றீங்க? ஜனங்க குழம்பிடக் கூடாது பாருங்க."

"எனக்குத் தெரியாதுங்க ஐயா. பிரசங்கியார் சொன்னதை மட்டும் சொல்றேன். தேவன் அவங்களைக் கைவிடலைன்னார். கடைசியில சேர்த்துக்குவார்னார். எப்படின்னு தனக்குத் தெரியாதுன்னார். தெரியும்னு சொல்றவங்களைப் பார்த்தா பயமா இருக்குன்னார். நீங்க எல்லாரும் சிரிச்சிட்டிருந்தீங்க, அதனால நான் அதை விட்டுட்டேன். அன்னைக்கு அவர் பேசினதுலயே முக்கியமானது அதுதான்."

மூப்பர் உட்கார்ந்தார். திருப்தியாக உட்காரவில்லை. போதகர் அவசரமாக ஒரு பாட்டை அறிவித்தார்.

அதன் பிறகு அண்ணனை யாரும் மொழிபெயர்க்க அழைக்கவில்லை. போதகரின் மருமகள் அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். சின்னக் குரல். சொன்னதைச் சொல்வாள், கூட ஒரு வார்த்தை வராது. தாழ்மையைக் காட்டிப் பேர் வாங்கப் பார்த்தார் என்று சிலர் பேசிக்கொண்டதாக மனைவி காதில் விழுந்தது. அண்ணன் மறுக்கவில்லை. கொஞ்சம் அதுவும் இருந்திருக்குமோ என்று அவருக்கே ஒரு கணம் தோன்றியது. வேன்காரர் ஒரு நாள் கடைக்கு வந்து, வாசலிலேயே நின்று, "அம்மா, அந்தக் கூடு..." என்று கேட்டு வாங்கிக்கொண்டு, வேறு எதையோ சொல்ல வந்து, சொல்லாமல் போனார்.

சபையில் பேசிய மறுநாள் அண்ணன் கடைக்கார அம்மாவிடம், "எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேம்மா" என்றார்.

"யாராவது சிரிச்சாங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அம்மா அங்கே இருக்கவில்லையே. சொன்னால் அந்த அம்மாவுக்கும் நிம்மதி, இவருக்கும் நிம்மதி. "சிரிச்சாங்க" என்றார் அண்ணன். "திரும்பச் சொன்னப்பவும் கொஞ்சம் பேர் சிரிச்சாங்க."

அம்மா மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லவில்லை. வேலையை விட்டுப் போ என்றும் சொல்லவில்லை. அன்றைய தட்டை நீட்டினார். ஞாயிறு காலை ஏற்பாடு அப்படியே தொடர்ந்தது. இனி அந்த நேரம் தானும் கடைக்கு வருகிறேன் என்று அண்ணன் சொன்னதற்கு, "என்னைக் காரணமாக்கி உங்க சாமிகிட்டேருந்து ஓடாதீங்க" என்றார், அவ்வளவே. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கப் போய், பாதியில் நிறுத்தி, மேலே தள்ளிக்கொள்வதை அண்ணன் அதற்கப்புறம் பல தடவை பார்த்தார். பார்க்கிற ஒவ்வொரு முறையும் உள்ளே ஏதோ கிழியும்.

சில மாதங்கள் கழித்து, மனைவி வழியில் ஒரு கல்யாண வரவேற்பு. வேறு பேட்டை, வேறு சபை, அண்ணனைத் தெரியாத கூட்டம். கை கழுவுகிற இடத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா நாலைந்து பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு சிரிக்கச் சிரிக்க ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். ஈரக் கையோடு அண்ணன் நின்றார். கதவு, பேரம், இறங்கிய கண்ணாடி, உரசிய விரல்கள். இப்போது அதில் வீட்டுக்காரர் சன்னலுக்கும் விலை கேட்டார். யாரோ புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

பேசாமல் நழுவியிருக்கலாம். மனைவி தூரத்திலிருந்து சாப்பிட வரச் சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் அந்த மனிதர் அருகே போனார்.

"ஐயா, அது நான் சொன்னது."

"எது?"

"இந்தக் கதவு விஷயம். ஒரு பிரசங்கத்துல அவர் சொல்லாததை நானாச் சேர்த்துச் சொன்னது."

பெரியப்பாவின் முகம் விரிந்தது. "நீங்கதானா அது! அடடா, கையைக் குடுங்க முதல்ல!" என்று அண்ணனின் ஈரக் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுற்றி நின்றவர்களும் நெருங்கி வந்தார்கள். ஒருவர் தோளில் தட்டினார்.

அண்ணனுக்கு முகமெல்லாம் பற்றி எரிந்தது. கையை உருவிக்கொள்ளத்தான் நினைத்தார். உருவவில்லை. பிடித்த கையை அவரே இறுகப் பிடித்துக்கொண்டார்.

"கொஞ்சம் நில்லுங்கய்யா. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்றேன்" என்றார்.

இன்னும் பெரிய வேடிக்கை வரப்போகிறது என்று பெரியப்பா ஆவலோடு முகத்தை முன்னால் நீட்டினார்.